ஆய்வகத்திலேயே பூசிய கண்ணாடி ஸ்லைடில் டிஎன்ஏ சிப்: பாப்பிலோமா வைரஸ் வகை 18 மங்கலாகத் தெரிகிறது, 16 தெரியவே இல்லை, பின்னணி முழுக்கப் பனிமூட்டம்

#1 நுண்புள்ளி

வணக்கம். மூன்று மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

மனித பாப்பிலோமா வைரஸின் வகைகளைப் பிரித்துக் காட்டும் சின்ன டிஎன்ஏ சிப் ஒன்றைச் செய்து பார்க்கிறேன்: கண்ணாடியில் ஒட்டிய குட்டி டிஎன்ஏ இழை (புரோப்) சாயம் ஏற்றிய தன் இணை இழையைப் பிடித்தால் அந்தப் புள்ளி ஸ்கேனரில் ஒளிரும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டு வகைகளே காரணம். அதனால் அவை இரண்டும், கூடவே 31, 33, 45, பிறகு ஆபத்துக் குறைந்த 6, 11. வைரஸின் எல்1 ஜீனில் ஜிபி5+, ஜிபி6+ பிரைமர்கள் (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் குட்டி இழைகள்) வைத்து பிசிஆர் செய்கிறேன், அதாவது அந்தப் பகுதியைப் பிரதியெடுத்துப் பெருக்குகிறேன். சுமார் 150 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு வருகிறது. சிவப்புச் சேனலில் ஒளிரும் சை-5 சாயம் ஜிபி6+ பிரைமரின் தலையில் இருக்கிறது. ஒவ்வொரு வகைக்கும் 30 எழுத்துப் புரோப் ஒன்று. புரோப்பின் 5' முனையில் ஆறு கார்பன் நீளக் கை, அதன் நுனியில் அமினோ.

ஸ்லைடு சாதாரண மைக்ரோஸ்கோப் ஸ்லைடுதான், 25 x 75 மில்லிமீட்டர். சோப்புக் கரைசலில் கழுவி, அசிட்டோனில் 2% அமினோ சைலேன் கலந்து முக்கி, அலசி, பிறகு 2.5% குளூட்டரால்டிஹைடில் இரண்டு மணி நேரம். 3 மடங்கு எஸ்எஸ்சியும் (உப்புக் கரைசல்) 50% டிஎம்எஸ்ஓவும் (கரைப்பான்) கலந்த கரைசலில் புரோப்பை அச்சடிக்கிறேன். இரவு முழுக்க வைத்திருந்து, மறுநாள் சோடியம் போரோஹைட்ரைடில் ஐந்து நிமிடம். ஹைப்ரிடைசேஷன் (இழை புரோப்போடு இணைவது) 42 டிகிரியில்.

பூசிய 25 ஸ்லைடில் ஏழெட்டில் மட்டும்தான் எல்லாப் புள்ளிகளும் நிற்கின்றன. மற்றவற்றில் ஏதாவது ஒரு ஓரம் கழுவும்போதே போய்விடுகிறது. நிற்கிற புள்ளிகளும் வளையல் மாதிரி விளிம்பு மட்டும் ஒளிர்கின்றன, நடுவில் இருட்டு. சிவப்பு, பச்சை இரண்டு சேனலிலும் பின்னணி மூட்டமாக இருக்கிறது.

இதையெல்லாம்விட என்னை வாட்டுவது ஒன்று. 18ஆம் வகையின் ஜீனை ஏற்றிய பிளாஸ்மிடைப் (வட்ட டிஎன்ஏ) போட்டால் 18இன் புள்ளி மங்கலாகவாவது தெரிகிறது. 16ஐப் போட்டால் 16இன் புள்ளி சுத்தமாக இல்லை. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் பட்டை பளிச்சென்று இருக்கிறது, ஆக பிசிஆர் நடந்திருக்கிறது.

எதை முதலில் மாற்றுவது?

#2 அச்சு ஊசி

எதையும் மாத்தாதீங்க தங்கச்சி, இப்போதைக்கு. எழுதினதுல நாலு வேற வேற கோளாறு இருக்கு, நாலையும் ஒரே நேரத்துல திருத்தினா எது சரியாச்சுன்னு தெரியாமலே போயிடும்.

முதல்ல ஒண்ணு செய்யுங்க. வெறும் கண்ணாடி ஒண்ணு, சைலேன் மட்டும் பூசினது ஒண்ணு, குளூட்டரால்டிஹைடு வரைக்கும் போனது ஒண்ணு. மூணையும் அச்சடிக்காம, எதுலயும் நனைக்காம, அப்படியே ஸ்கேனர்ல வைங்க. லேசர் அளவையும் டிடெக்டர் அளவையும் நீங்க வழக்கமா வைக்கிற இடத்துலயே வைங்க. மூட்டம் எந்தப் படியில வருதுன்னு அதுவே சொல்லிடும். நான் பதினஞ்சு வருஷம் ஊசி வெச்சு அச்சடிச்சவன். அச்சடிச்சு முடிச்ச ஸ்லைடை மட்டும் ஸ்கேன் பண்ணிப் பண்ணியே ஒரு வருஷத்தை இழந்தேன், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

ரெண்டாவது, புள்ளி போற ஸ்லைடுங்க ரேக்குல எந்த இடத்துல நின்னுச்சு? நடுவுலயா, ஓரத்துலயா? ஒவ்வொரு ஈட்டுலயும் அதே இடத்து ஸ்லைடுதானா?

மூணாவது, கழுவின கண்ணாடி மேல வாயால மெல்ல ஊதிப் பாருங்க. சுத்தமான கண்ணாடியில மூச்சு ஒரே சீராப் படிஞ்சு ஒரே சீரா மறையும். திட்டுத் திட்டாப் படிஞ்சா அங்க எண்ணெயோ சோப்போ இருக்குன்னு அர்த்தம். ஊதின ஸ்லைடைத் திரும்பப் பூச்சுக்கு எடுத்துடாதீங்க.

#3 சைலேன் குடுவை

ஊசி அண்ணன் சொன்ன மூன்று ஸ்லைடுச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அதன் விடை வருவதற்குள் வேதியியல் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

சைலேன் சுவருக்கு வண்ணம் பூசுவது மாதிரி ஒட்டுகிற பொருளல்ல. அதற்கு மூன்று எத்தாக்ஸி கைகள் உண்டு. தண்ணீர் பட்டால் அவை அறுந்து ஹைட்ராக்சிலாகும். கண்ணாடியின் மேற்பரப்பிலும் ஹைட்ராக்சில்கள் இருக்கின்றன. இரண்டும் கைகோத்தால்தான் பூச்சு. ஆகவே தண்ணீர் துளிகூட இல்லாவிட்டால் வேலை மந்தமாக நடக்கும். அதிகமாகிவிட்டால் சைலேன் கண்ணாடியைப் போய்ச் சேருவதற்கு முன்பே தன்னோடு தானே கோத்துக்கொண்டு கட்டிகட்டியாக ஸ்லைடில் உட்காரும். அந்தக் கட்டிகள் பார்வைக்குப் பூச்சு மாதிரிதான் இருக்கும். சூடான எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலில் கழுவும்போது புரோப்பையும் கூட்டிக்கொண்டு உரிந்து போகும். "ஓரம் போய்விடுகிறது" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் தோன்றியது.

இனி அசிட்டோன். அதை வைத்துச் செய்யும் செய்முறைகள் நிறைய உண்டு, நன்றாக வந்தவர்களும் உண்டு. ஆனால் அமினோவும் அசிட்டோனும் ஒன்றோடொன்று வினைபுரியக்கூடியவை. போதாததற்கு, அடிக்கடி திறக்கும் அசிட்டோன் புட்டி காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். போன மாதம் வந்த பூச்சு இந்த மாதம் வராது. 95% எத்தனாலுக்கோ உலர்ந்த டொலுயீனுக்கோ மாறுங்கள். பூசி அலசிய பிறகு 110 டிகிரி அடுப்பில் அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். கைகோத்த இடங்கள் இறுகுவது அந்தச் சூட்டில்தான். நீங்கள் எழுதியதில் அடுப்பே இல்லை.

கழுவுவதற்கு சோப்பு போதாது, அதுவே ஒரு படலத்தை விட்டுச் செல்லும். 70 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை 280 மில்லி தண்ணீரில் கரைத்து, 420 மில்லி 95% எத்தனாலைச் சேருங்கள். கலங்கினால் தெளியும்வரை தண்ணீர். அதில் இரண்டு மணி நேரம் ஆட்டி, பிறகு வடிநீரில் திரும்பத் திரும்ப அலசுங்கள். அலசலுக்கு நடுவே ஸ்லைடு காற்றில் காயவே கூடாது, காய்ந்த இடத்தில் காரத்தின் தடம் அப்படியே நின்றுவிடும்.

குளூட்டரால்டிஹைடைப் பற்றியும் ஒரு சந்தேகம் இருக்கிறது. ஸ்கேன் வரட்டும், சொல்கிறேன்.

#4 சிவப்பு லேசர்

சுத்தம்தான் பிரச்சினை என்றால் பிரான்ஹா கரைசலில் ஒரு முறை போட்டு எடுத்தால் தீர்ந்தது. மூன்று பங்கு கந்தக அமிலம், ஒரு பங்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ணெய்ப் பசை எதுவும் மிஞ்சாது.

#5 சைலேன் குடுவை

> பிரான்ஹா கரைசலில் ஒரு முறை போட்டு எடுத்தால் தீர்ந்தது

நண்பரே, சுத்தம் செய்யும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இந்த ஆய்வகத்தில் அசிட்டோன் மேசை மேலேயே இருக்கிறது என்பதை அவர் எழுதியதிலேயே பார்த்தோம். பிரான்ஹாவில் அசிட்டோன் கலந்தால் வெடிக்கும். பயன்படுத்திய கரைசலை மூடி போட்டு வைத்தால் வாயு சேர்ந்து புட்டியே வெடிக்கும். அமிலத்தில் பெராக்சைடை மெல்ல ஊற்ற வேண்டுமே தவிர, பெராக்சைடில் அமிலத்தை அல்ல. இதையெல்லாம் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்க ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம். நுண்புள்ளி, உங்களுக்கு காரமும் எத்தனாலும் போதும்.

#6 நுண்புள்ளி

மூன்று ஸ்லைடையும் ஸ்கேன் செய்துவிட்டேன். வெறும் கண்ணாடி இரண்டு சேனலிலும் கறுப்பு. சைலேன் மட்டும் பூசியதில் ஓரத்தில் மேகம் மாதிரித் திட்டுகள், நடுவில் சுத்தம். குளூட்டரால்டிஹைடு வரை போனது முழுக்க மூட்டம், பச்சையில் ரொம்பவே அதிகம்.

ஊதியும் பார்த்தேன் அண்ணா. சோப்பில் கழுவியதில் விரல் பிடித்த இடம்கூடத் தெரிந்தது. ரேக்கில் இரண்டு முனைகளிலும் நிற்கும் ஸ்லைடுகளில்தான் ஓரம் உரிகிறது. நான்கு ஈட்டையும் எடுத்துப் பார்த்தேன், நான்கிலும் அப்படித்தான்.

#7 சைலேன் குடுவை

அப்படியானால் மூட்டத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது. குளூட்டரால்டிஹைடு நீரில் தனக்குத்தானே சங்கிலியாகச் சேரும். அமினோவோடு சேர்ந்தால் தானாகவே ஒளிரும், பச்சையில் அதிகமாக. பழைய புட்டியானால் இன்னும் மோசம். போரோஹைட்ரைடு மிச்ச ஆல்டிஹைடை ஆல்கஹாலாக்கி ஓரளவு குறைக்கும், முழுக்கத் துடைக்காது.

என் யோசனை: இரண்டு படிப் பூச்சை விட்டுவிட்டு எபாக்சி சைலேனுக்கு வந்துவிடுங்கள். உலர்ந்த டொலுயீனில் 1 முதல் 2 சதவீதம், சில மணி நேரம், டொலுயீனிலும் எத்தனாலிலும் அலசல், பிறகு அடுப்பு. இதெல்லாம் புகைக் கூண்டுக்குள்ளே. அமினோ முனையுள்ள புரோப் எபாக்சியோடு நேரடியாகப் பிணையும், நடுவே வேறு எதுவும் வேண்டாம்.

அச்சடிக்கும் பஃபரையும் (புரோப்பைக் கரைத்து வைக்கும், பிஹெச் மாறாத கரைசல்) மாற்றுங்கள். 150 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், பிஹெச் 8.5. அச்சடித்ததும் மூடிய பெட்டியில் உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குப் போட்ட உப்புநீரை வைத்து அதன் மேல்தட்டில் ஸ்லைடுகளை இரவு முழுக்க வையுங்கள். சாதாரணச் சமையல் உப்பின் நிறைகரைசல் பெட்டிக்குள் ஈரப்பதத்தை 75 சதவீதத்திலேயே பிடித்து வைக்கும். மறுநாள் மிச்சமுள்ள எபாக்சியை எத்தனாலமீனால் அடைத்துவிடுங்கள்: 50 மில்லிமோலார், பிஹெச் 9 டிரிஸ் பஃபரில், 50 டிகிரி, அரை மணி நேரம்.

ஒன்று கேட்க மறந்தேன். புரோப் பொடியாக வந்ததை எதில் கரைத்தீர்கள்?

#8 நுண்புள்ளி

டிஇ பஃபரில். வழக்கமாக எல்லா பிரைமரையும் அதில்தான் கரைப்போம்.

#9 சைலேன் குடுவை

டிஇயில் இருக்கும் டிரிஸ்ஸுக்கும் அமினோ உண்டு. உங்கள் புரோப் மைக்ரோமோலார் கணக்கில் இருக்கும், டிரிஸ் மில்லிமோலார் கணக்கில். ஒரு நாற்காலிக்கு நூறு பேர் போட்டி. புரோப்பை எத்தனாலில் வீழ்த்தி எடுத்து, வெறும் தண்ணீரிலோ பாஸ்பேட்டிலோ கரைத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கும்போது அதே டிரிஸ் இருப்பதால் கெடுதல் இல்லை. அப்போது எல்லா நாற்காலியும் நிரம்பத்தான் வேண்டும்.

#10 வரிசைவாசிப்பு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உண்மையாகவே புரியாமல்தான் கேட்கிறேன். பெருக்கம் நடக்கும்போதே முடிவைக் காட்டும் ரியல் டைம் பிசிஆரில் 16, 18 இரண்டையும் ஒரே குழாயில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். புதிய தலைமுறை வரிசைவாசிப்பில் இன்னும் எத்தனையோ தெரியும். கண்ணாடியைக் கழுவி, பூசி, அடுப்பில் வைத்து, ஊசியால் புள்ளி வைத்து... இவ்வளவு பாடு இன்றைக்கு எதற்கு? இதே மூன்று மாதத்தை வேறொன்றில் போட்டிருக்கலாமே?

#11 நோய்க்குறி

நியாயமான கேள்வி. நான் நோயறிதல் ஆய்வகத்தில் இருப்பவள், அந்தப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

இரண்டு வகையை மட்டும் தேடினால் நீங்கள் சொல்வதே சரி. நானும் அதைத்தான் செய்வேன். ஒரே பெண்ணின் மாதிரியில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்து இருப்பது அபூர்வமல்ல. இருபது வகைகளைக் கேட்க வேண்டும் என்றால் நிறங்களைப் பிரித்தறியும் ரியல் டைம் கருவி ஒரு குழாயில் நான்கைந்துக்கு மேல் தாங்காது. கண்ணாடியில் இருபது புள்ளி வைத்தாலும் இருநூறு வைத்தாலும் ஒரே துளி மாதிரிதான் செலவு. காசநோய்க் கிருமிக்கும் அதே கணக்கு. ரிஃபாம்பிசின் மருந்துக்குப் பணியாத கிருமிகளில் சுமார் 95 சதவீதத்தின் பிறழ்வு ஆர்பிஓபி ஜீனின் 81 எழுத்து நீளப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பகுதியைத் துண்டு துண்டாகப் புரோப்புகளால் மூடி வைத்தால் எந்த எழுத்து மாறியது என்பது புள்ளிகளின் வரிசையிலேயே தெரியும்.

2003இல் சார்ஸ் வந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் டெரிசியின் குழு, தெரிந்த வைரஸ்களின் 70 எழுத்துப் புரோப்புகளைக் கண்ணாடியில் அச்சடித்து வைத்திருந்தது. என்னவென்றே தெரியாத அந்த வைரஸின் மாதிரியைப் போட்டதும் கொரோனா வைரஸ் குடும்பத்தின் புள்ளிகள் ஒளிர்ந்தன. அதோடு விடாமல், ஒளிர்ந்த புள்ளியில் ஒட்டியிருந்த டிஎன்ஏவையே கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்துப் பெருக்கி அதன் எழுத்துகளையும் படித்தார்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாத நேரத்தில் ஆயிரம் கேள்விகளை ஒரே தடவையில் கேட்க முடிந்ததால் வந்த பலன் அது.

குழந்தைகளின் காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதத்துக்கு முதல் சோதனையாக குரோமோசோம் மைக்ரோஅரேயை (குரோமோசோம்களைப் பார்க்கும் டிஎன்ஏ சிப்) வைக்கலாம் என்று 2010இல் பன்னாட்டு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அந்தச் சிப்கள் தொழிற்சாலையில் செய்யப்படுபவை, கையால் பூசுபவை அல்ல. ஆனால் கண்ணாடி மேல் நிற்கும் புரோப் தன் இணையைத் தேடிப் பிடிக்கும் வேலை ஒன்றேதான்.

நுண்புள்ளி, உங்கள் சிப்பில் மனித பீட்டா குளோபின் ஜீனுக்கு ஒரு புள்ளி இருக்கிறதா? நீங்கள் எழுதியதில் காணவில்லை. அது இல்லாமல் ஒருவர் மாதிரியையும் தொடாதீர்கள். பஞ்சுக் குச்சியில் செல்லே வராமல் போயிருக்கலாம், பிசிஆரைத் தடுக்கும் ஏதாவது மாதிரியில் இருந்திருக்கலாம். அப்போதும் உங்கள் ஸ்லைடு கறுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கறுப்பைப் பார்த்து "வைரஸ் இல்லை" என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பெண் அதை நம்பி அடுத்த பரிசோதனைக்கு வருடக்கணக்கில் வரமாட்டாள். குளோபின் புள்ளி ஒளிர்ந்து வைரஸ் புள்ளிகள் இருட்டாக இருந்தால்தான் "இல்லை". குளோபினும் இருட்டு என்றால் "செல்லாது, திரும்ப எடுக்கவும்".

#12 வரிசைவாசிப்பு

ஒளிர்ந்த புள்ளியிலிருந்தே சுரண்டி எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நன்றி டாக்டர். என் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், தொடருங்கள்.

#13 எதிரிழை

எல்லோரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். 16 தெரியாததற்குக் கண்ணாடி காரணமாக இருக்க முடியாது. ஒரே ஸ்லைடில், ஒரே பூச்சில், பக்கத்திலேயே 18 தெரிகிறதே.

நுண்புள்ளி, சாயம் ஜிபி6+ பிரைமரில் என்றீர்கள். அது பின் பிரைமர். ஆக டிஎன்ஏவின் இரண்டு இணை இழைகளான நேரிழை, எதிரிழையில் சாயம் ஏறுவது எதிரிழையில் மட்டும். அதைப் பிடிக்க வேண்டும் என்றால் கண்ணாடியில் இருக்கும் புரோப் நேரிழையின் எழுத்துகளாக இருக்க வேண்டும். உங்கள் 16, 18 புரோப்புகள் எந்த இழையிலிருந்து எடுத்தவை? ஜீன் வரிசையைத் திறந்து வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் தேடல் இரண்டு திசையிலும் தேடி "பொருந்துகிறது" என்று சொல்லிவிடும். திசை என்ன என்பது மூலையில் சின்னதாகத்தான் இருக்கும்.

#14 நுண்புள்ளி

இப்போதுதான் பார்த்தேன். கை நடுங்குகிறது.

18, 31, 33, 45 நேரிழை. 16 மட்டும் எதிரிழை. 16இன் புரோப்பை வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்தேன். அதில் சாயத்தை முன் பிரைமரில் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக அந்த ஒரு வரியை நான் கவனிக்கவில்லை.

#15 எதிரிழை

மனம் தளராதீர்கள், இதைக் கண்டுபிடித்தாயிற்று. உங்கள் 16 புள்ளி இத்தனை நாளும் இழையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிடித்தது சாயமில்லாத நேரிழையை. விளக்கில்லாத இழை வந்து உட்கார்ந்தால் ஸ்கேனருக்கு எப்படித் தெரியும்?

18 ஏன் மங்கல் என்பதற்கும் எனக்கு இரண்டு காரணம் தோன்றுகிறது.

பிசிஆர் முடிந்ததும் உங்களிடம் இருப்பது இரட்டை இழை. சூடாக்கிப் பிரித்தாலும், 42 டிகிரிக்கு வந்ததும் கரைசலில் பக்கத்திலேயே இருக்கும் தன் முழுநீள ஜோடியைத்தான் முதலில் பிடிக்கும். கண்ணாடியில் நிற்கும் 30 எழுத்துக்காரருக்கு மிச்சம்தான். எனவே சாயப் பிரைமரைப் பத்து பங்கும் மற்றதை ஒரு பங்கும் போட்டு பிசிஆர் செய்யுங்கள், சாய இழை மிகுதியாக வரும். இன்னும் சுத்தமாக வேண்டுமானால் சாயமில்லாத பிரைமரின் 5' முனையில் பாஸ்பேட் வைத்து, பிறகு லாம்டா எக்சோநியூக்ளியேஸ் போட்டால் அந்த இழையை மட்டும் அது தின்றுவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் 95 டிகிரியில் வைத்து உடனே ஐஸில் போடுவதை விடாதீர்கள்.

அடுத்தது நெரிசல். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடிப் புரோப் நின்றால் ஒன்றுக்கொன்று சுமார் 10 நானோமீட்டர் இடைவெளி. கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இணை வந்து சேர இடம் இருக்கும். அதுவே பத்து மடங்கானால் இடைவெளி 3 நானோமீட்டர். இரட்டைச் சுருளின் தடிமனே 2 நானோமீட்டர். போதாததற்கு வருகிற இழையின் நீளம் 150 எழுத்து, அதன் வாலும் எங்கேயாவது போயாக வேண்டும். பத்தில் ஒரு புரோப்புக்கு இணை கிடைத்தால் பெரிது. அதனால் செறிவை ஏற்றிக்கொண்டே போனால் புள்ளி பிரகாசமாகும் என்று எண்ண வேண்டாம். 5, 10, 20, 40 மைக்ரோமோலார் என்று ஒரே ஸ்லைடில் அச்சடித்து எங்கே உச்சம் என்று பாருங்கள். அமினோவுக்கும் புரோப்புக்கும் நடுவில் பதினைந்து டி எழுத்து சேர்த்து வாங்குங்கள், புரோப் கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கும். 16ஐ எப்படியும் புதிதாகத்தான் வாங்கியாக வேண்டும், எல்லாவற்றையும் அப்படியே வாங்கிவிடுங்கள்.

#16 அச்சு ஊசி

எதிரிழை தம்பி அருமையாப் பிடிச்சீங்க. எனக்கு அது தோணவே இல்ல.

இப்ப வளையல் விஷயத்துக்கு வரேன். துளி காயும்போது விளிம்புதான் முதல்ல காயும், விளிம்பு அசையாம ஒட்டிக்கும். காஞ்சுபோன தண்ணியை ஈடுகட்ட நடுவுல இருக்கிற திரவம் விளிம்பைப் பார்த்து ஓடும், கரைஞ்சிருக்கிற புரோப்பையும் இழுத்துக்கிட்டே போகும். அதனால காயற வேகத்தைக் குறைக்கணும். அச்சடிக்கிற கூண்டுக்குள்ள ஈரப்பதம் 50லிருந்து 60 சதவீதம் இருக்கட்டும். அதுக்கு மேல ஏத்தினா துளி பரவிப் பக்கத்துப் புள்ளியைத் தொட்டுடும். பஃபர்ல ஒன்றரை மோலார் பீட்டெயின் சேருங்க. அது தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், புள்ளி நடுவிலேயும் நிரம்பி வரும். எபாக்சியோட சண்டைக்கும் வராது, ஏன்னா அதோட நைட்ரஜன்ல மூணு மெத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கு.

கண்ணாலயும் ஒரு தடவை பாருங்க. அச்சடிச்ச உடனே ஸ்லைடைச் சாய்ச்சுப் பிடிச்சு, பக்கவாட்டுல வெளிச்சம் விட்டு, சின்ன லென்ஸ்ல. ஒவ்வொரு புள்ளியும் 100 மைக்ரான்தான், ஆனா வெளிச்சத்துல குட்டிக் குட்டிக் குமிழா வரிசையா மின்னும். ஒரு குமிழ் பெருசு, ஒரு குமிழ் சிறுசுன்னா அந்த ஊசியோட பிளவுல அடைப்பு. ஒரு வரிசை முழுக்க முட்டை வடிவமா இருந்தா அந்த இடத்துல பூச்சு சரியில்ல. நாலு நாள் கழிச்சு ஸ்கேனர் சொல்லப் போறதை அப்பவே தெரிஞ்சுக்கலாம்.

ஊசி கழுவறதுல குறை இருந்தா 16ஓட மிச்சம் அடுத்த புள்ளிக்குப் போகும். பச்சையில ஒளிர்ற சை-3 போட்ட அடையாளப் புள்ளிக்கு (எப்பவும் ஒளிர்ந்து இடம் காட்டற புள்ளி) அடுத்ததா வெறும் பஃபரை அச்சடிங்க. அந்தப் பஃபர்ப் புள்ளி பச்சையாத் தெரிஞ்சா கழுவல் போதல. நோய் கண்டுபிடிக்கிற சிப்புல இது சின்ன விஷயம் இல்ல, இல்லாத வகையை இருக்குன்னு காட்டிடும்.

நான் தொழில் கத்துக்கிட்டப்ப எல்லாம் பாலிலைசீன் பூச்சுதான். 1995ல பாட்ரிக் பிரவுன் ஆய்வகத்துக்காரங்க அராபிடாப்சிஸ்ங்கிற செடியோட 45 ஜீனை அச்சடிச்சு வெளியிட்டதும் அந்தப் பூச்சு மேலதான். பூசினதுக்கு அப்புறம் ரெண்டு வாரம் பழுக்க வெச்சுத்தான் அச்சடிப்போம். நூத்துக்கணக்கான எழுத்து நீளத் துண்டுக்கு அது நல்லாப் பிடிக்கும், ஏன்னா நீள நெடுக நூறு இடத்துல ஒட்டிக்கும். உங்க 30 எழுத்துக்கு அது சரிப்படாது, படுத்துடும். ஒரு முனையில மட்டும் கட்டி நிமிர்த்தற எபாக்சிதான் சரி.

#17 சிவப்பு லேசர்

பிரான்ஹா யோசனைக்கு வருந்துகிறேன், கவனமில்லாமல் எழுதிவிட்டேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லி ஈடுகட்டுகிறேன்.

சை-5 சாயத்தை ஓசோன் தின்றுவிடும். காற்றில் நூறு கோடியில் 5 முதல் 10 பங்கு இருந்தாலே போதும். ஸ்லைடு ஈரமாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. கழுவி உலர்த்திய நிமிடத்திலிருந்துதான் ஆபத்து. வெயில் ஏறிய பிற்பகலில் ஓசோன் கூடும், காலையில் குறைவு. ஒரே ஸ்லைடைக் காலையிலும் மாலையிலும் ஸ்கேன் செய்து, சிவப்பு மட்டும் தேய்ந்து பச்சை அப்படியே இருந்தால் அதுதான். லேசர் பிரிண்டர், ஜெராக்ஸ் இயந்திரம் இருக்கும் அறையில் ஸ்கேனரை வைக்காதீர்கள். கடைசிக் கழுவலை 0.05 மடங்கு எஸ்எஸ்சியில் முடித்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி உலர்த்தி, உடனே ஸ்கேனருக்குள். கழுவிய ஸ்லைடைத் தானாகக் காயவிட்டால் எஸ்டிஎஸ் வால் நட்சத்திரம் மாதிரி கோடு போடும்.

வைரஸுக்கு ஒரே சாயம்தான் தேவை என்றால் அதற்கு சை-3, அடையாளப் புள்ளிக்கு சை-5 என்று மாற்றிப் போடுங்கள். தேய்ந்தாலும் தேய்வது அடையாளம்தான்.

#18 நுண்புள்ளி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். ஊசி அண்ணன் சொன்னபடி ஒவ்வொன்றாகத்தான் மாற்றினேன், அதனால்தான் இத்தனை நாள்.

காரமும் எத்தனாலும் வைத்துக் கழுவியதில் மூச்சு ஒரே சீராகப் படிந்தது. எபாக்சி பூசிய வெறும் ஸ்லைடு கிட்டத்தட்ட வெறும் கண்ணாடி மாதிரியே கறுப்பு. ரேக்கின் முனையில் ஓரம் உரிந்ததற்கும் காரணம் கிடைத்தது: முனை ஸ்லைடுகள் தொட்டியின் சுவரை ஒட்டி நின்றதால் அங்கே கரைசல் ஓடவில்லை. இப்போது இரண்டு முனையிலும் வெறும் கண்ணாடி ஒன்றை நிறுத்திவிட்டு நடுவில் இருப்பவற்றை மட்டும் எடுக்கிறேன்.

டிரிஸ் இல்லாமல் கரைத்தேன். புதிய புரோப்புகளில் பதினைந்து டி. உச்சம் 20 மைக்ரோமோலாரிலேயே வந்துவிட்டது, 40இல் குறைந்தது. எதிரிழை சொல்லியிருக்காவிட்டால் நான் 80க்குப் போயிருப்பேன்.

நேற்று மாலை 16இன் பிளாஸ்மிடைப் போட்டு ஸ்கேன் செய்தேன். திரையில் படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வரும். அடையாளப் புள்ளிகள் வந்தன, 6 இருட்டு, 11 இருட்டு. அடுத்த வரிசையில் மூன்று புள்ளிகள் ஒவ்வொரு வரியாக வட்டமாக நிரம்பிக்கொண்டே வந்தன, நடுவில் ஓட்டை இல்லாமல். 16, 16, 16. பக்கத்தில் 18 இருட்டு. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

#19 நோய்க்குறி

மிகவும் மகிழ்ச்சி. இனிமேல்தான் என் பக்கத்து வேலை ஆரம்பம், அதனால் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு ஒளிர்ந்தால் "இருக்கிறது" என்ற கோட்டை மாதிரிகளைப் பார்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். செடியின் ஜீன் ஒன்றின் புரோப்பை எதிர்க் கட்டுப்பாடாக வைத்து, அதன் சராசரியோடு மூன்று மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டினால் ஒரு தொடக்கம். மூன்று புள்ளியில் குறைந்தது இரண்டு அதைத் தாண்ட வேண்டும். ஏற்கெனவே வேறு முறையில் வகை தெரிந்த மாதிரிகளை வாங்கி, விடையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, வெறும் எண்ணோடு நீங்கள் படியுங்கள். பிறகு திறந்து பாருங்கள்.

இன்னொன்று, பிளாஸ்மிட். அதைப் பெருக்கிய அதே மேசையில் பெண்களின் மாதிரியைத் திறக்கவே கூடாது. பிசிஆர் முடிந்த குழாயின் மூடியைத் திறக்கும்போது பறக்கும் துளியில் எத்தனை லட்சம் பிரதிகள் இருக்கும் என்று யோசியுங்கள். தனி அறை, தனி பிப்பெட், தனி அங்கி. தைமினுக்குப் பதில் யுராசில் போட்டுப் பெருக்கி, ஒவ்வொரு முறையும் முதலில் யுராசில் வெட்டும் நொதியைப் போட்டால் பழைய பிரதிகள் அழிந்துவிடும். தண்ணீர் மட்டும் போட்ட ஒரு ஸ்லைடு ஒவ்வொரு நாளும் ஓட வேண்டும், அது ஒளிர்ந்தால் அன்றைய முடிவு எதுவும் வெளியே போகக் கூடாது.

#20 நுண்புள்ளி

பீட்டா குளோபின் புள்ளியும் செடி ஜீனும் சேர்த்துவிட்டேன் டாக்டர். தனி அறைக்கு வழிகாட்டியிடம் பேசியிருக்கிறேன்.

நாளை அடுத்த ஈடு பூசுகிறேன். ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் ஒரு வெறும் ஸ்லைடை ஸ்கேன் செய்து படத்தை எடுத்து வைக்கப் போகிறேன். ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்: ஸ்லைடில் எண் எழுதிய மார்க்கர் மை எத்தனாலில் கரைந்து போகிறது. எது எந்த ஈடு என்றே குழம்புகிறது.

#21 அச்சு ஊசி

மார்க்கரே வேண்டாம் தங்கச்சி. அந்த மை கரைஞ்சு பூச்சு மேல படிஞ்சா சிவப்புச் சேனல்ல ஒளிரும். வைர முனைப் பேனாவால கீழ் ஓரத்துல எண்ணைக் கீறிடுங்க. கழுவறதுக்கு முன்னாடியே கீறணும், அச்சடிக்கப் போற பக்கத்துக்குப் பின்பக்கம். பூசினதுக்கு அப்புறம் கீறினா உதிர்ற கண்ணாடித் தூள் பூச்சுல உட்கார்ந்து ஸ்கேன்ல புள்ளிக்குப் புள்ளியாத் தெரியும். எண் கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடவலம் மாறித் தெரியற பக்கம்தான் உங்க பக்கம்.